நிஜமான பெருக்கல் குறி

புக்கிட் காத்தில்
12 மார்ச் 2025

அக்கா,

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் குப்பைத் தொட்டியைத் தேடியிருப்பாய். ஒரு பக்கம்தான், படித்துவிட்டுப் போடு. வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். போன் அடித்தால் எடுப்பதில்லை. கிறிஸ்மஸுக்கு முன்னால் தெங்கேராவுக்கு வந்து உன் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றேன், நீ ஜன்னல் திரையை இழுத்துவிட்டாய். பதினைந்து நிமிஷ தூரத்தில் இருக்கும் அக்காவுக்கு ஸ்டாம்பு ஒட்டிக் கடிதம் போடும் தம்பி மலாக்காவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். தபாலாபீஸ் பெண் விலாசத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தையும் பார்த்தாள்.

நீ பாட்டியானதும், கேத்லீனுக்கு மகன் பிறந்ததும் மச்சான் அனுப்பிய படத்தில்தான் தெரிந்தது. மூக்கு அப்படியே நம் அப்பா. பிள்ளை பாவம். பத்தியம் எல்லாம் உன் வீட்டில்தான் என்று கேள்விப்பட்டேன். உன் மருந்துக் குழம்பைத் தின்றால் அவள் சீக்கிரம் எழுந்து நடப்பாள், அந்த விஷயத்தில் உன்னைக் குறை சொல்ல முடியாது.

நான் கேட்க வந்தது இதுதான். கேத்லீனுக்கு ஒன்பது வயது இருக்கும்போது சுங்கை ஊடாங் குவார்ட்டர்ஸில் என் வீட்டு வாசலில் அவளுக்குப் பந்து போடச் சொல்லிக் கொடுத்தேன். முதல் பந்து வளையத்துக்குள் விழுந்த அன்று, “மாமா, எனக்குப் பாப்பா பொறந்தா நீங்கதான் ஞானத்தகப்பன்” என்றாள். பெரியவளானதும் மறக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம்கூடச் சொன்னாள். எனக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. எண்ணெய் ஆலையில் முப்பத்தொரு வருஷம் வால்வு திருகியதற்கு ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். இந்த ஒன்றைத் தவிர எனக்கு வேறு ஆசை கிடையாது.

ஈஸ்டர் முடிந்து மே நாலாம் தேதி ஞானஸ்நானம் என்று மச்சான் சொன்னார். என் பேரைக் கொடுப்பாயா? அன்று கோயிலில் நடந்ததற்கு ஆயிரம் முறை மன்னிப்புக் கேட்டாயிற்று. ஆயிரத்து ஒன்றாக இதையும் வைத்துக்கொள்.

தம்பி ஜோனாஸ்


தெங்கேரா
17 மார்ச் 2025

ஜோனாஸுக்கு,

நாடகத்தில் வசனம் பேசுவது போலக் கடிதம் எழுத உனக்கு நன்றாக வருகிறது. வெட்கம்தான் வரவில்லை.

“அன்று கோயிலில் நடந்தது” என்று எழுதியிருக்கிறாய், என்னவோ மழை பெய்து கூரை ஒழுகின மாதிரி. என்ன நடந்தது என்று நான் எழுதுகிறேன். படித்துப் பார், உனக்காவது குமட்டுகிறதா என்று.

போன வருஷம் மே நாலு, சனிக்கிழமை, காலை பத்து மணி பூசை. என் ஒரே மகளின் கல்யாணம். சம்பந்தி வீட்டார் குளுவாங்கிலிருந்து இரண்டு பஸ் பிடித்து வந்திருந்தார்கள். ஃபாதர் வாக்குறுதி கேட்கிறார். எல்லோரும் எழுந்து நிற்கிறோம். மாப்பிள்ளை “சம்மதம்” என்று சொல்ல வாயைத் திறக்கும்போது ஒரு பெண் குரல். “ஹாய் பாஸ், மாவ் மெனாங் தாக்?” பாஸ், ஜெயிக்க ஆசையா என்று மலாயில் கொஞ்சுகிறாள். பின்னாலேயே சூதாட்ட மெஷினில் காசு கொட்டுகிற சத்தம். கோயிலில், நற்கருணைப் பேழைக்கு முன்னால். திரும்பிப் பார்த்தால் இரண்டாவது பெஞ்சிலிருந்து நீ போனைக் கையில் தூக்கிக்கொண்டு நடுப்பாதையில் ஓடுகிறாய். அவள் நிறுத்தாமல் கூப்பிட்டுக்கொண்டே போகிறாள். சம்பந்தியம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “உங்க தம்பிக்கு அந்தப் பழக்கம் உண்டோ” என்பது. வீடியோக்காரன் அதையும் எடுத்து வைத்திருக்கிறான். கேத்லீன் இன்னும் அந்த வீடியோவைப் பார்க்கவில்லை.

சீ. எந்த வீட்டிலாவது தாய்மாமன் இப்படிச் செய்வானா? யாரோ பத்துப் பேர் அமெரிக்காவில் ஒரு பந்தைத் துரத்துகிறார்கள். அதை ஒரு மணி நேரம் பார்க்காமல் இருக்க முடியவில்லை. காலையில் எழுந்தால் பந்து, கஞ்சி குடிக்கும்போது பந்து, கோயிலில் பந்து. அருவருப்பாக இருக்கிறது. அந்த விளையாட்டின் சத்தம் கேட்டாலே எனக்குப் பித்தம் தலைக்கு ஏறுகிறது.

ஞானத்தகப்பனாக உன் மச்சானின் அண்ணன் மகன் சுகுமாரனைக் கேட்டாயிற்று. அவன் பூசையில் போனைப் பையில் வைத்திருக்கத் தெரிந்தவன்.

இனி எழுதாதே.

செலின்


புக்கிட் காத்தில்
24 மார்ச் 2025

அக்கா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். திட்டு வாங்கிப் பழகிய உடம்பு. ஆனால் நான் சூதாட்டக்காரன் என்று சம்பந்தி வீட்டில் பேச விட்டாயே, அது பழகவில்லை.

நான் எதில் பந்து பார்க்கிறேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. சலிப்பாக இருந்தாலும் படி.

முதலில் கூரையில் மாட்டிய டிஷ் தட்டு. பத்து வருஷம் ஸ்போர்ட்ஸ் பேக்கேஜுக்குக் கட்டினேன். ஒரு நாள் காலை கோப்பி கலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் கறுப்புத் திரை, சேவை முடிந்தது என்று ஒரு வரி. போன் போட்டால் இருபது நிமிஷம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு, கூடைப்பந்து போய்விட்டது அங்கிள், பதிலுக்கு இரண்டு கோல்ஃப் சேனல் தருகிறோம் என்றாள். கோல்ஃப் பார்க்கும் நாள் வந்தால் என்னைப் புதைத்துவிடு.

பிறகு ஒரு ஆப். வாரத்தில் இரண்டு ஆட்டம், அதுவும் அவர்களாகப் பார்த்துப் போடுவது. பிளேஆஃப் வந்ததும் அது இன்னொரு ஆப்புக்குப் போனது. இறுதி ஆட்டம் மூன்றாவது ஒருத்தனிடம். ஒரே ஆட்டை மூன்று கடையில் தொங்கவிட்டு விற்கிறான்கள், தலை ஒரு கடை, தொடை ஒரு கடை. நடுவில் பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு கறுப்பு டப்பா வாங்கினேன், உலகத்துச் சேனல் எல்லாம் வரும் என்றான். நாலாவது குவார்ட்டர், கடைசிக் கட்டம் வந்தால் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கும். எங்கள் தாமான் குடியிருப்பு முனையில் லோங்காங் கால்வாயில் வீசினேன்.

அப்புறம் இலவச வெப்சைட். அதைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. ஆட்டம் ஒரு ஸ்டாம்பு அளவுதான், சுற்றிலும் அரைகுறை உடுப்புப் பெண்கள், சூதாட்ட மெஷின்கள். மூடுவதற்குத் திரையில் ஐந்து பெருக்கல் குறி இருக்கும். நாலு பொய். பெரிதாகத் தெரிவதை அமுக்கினால் புதிய ஜன்னல் திறக்கும், அதற்குள் இன்னும் மூன்று. நிஜமானது இடது பக்கம் அடியில் சாம்பல் நிறத்தில் உளுந்து அளவு இருக்கும். ஆட்டத்தின் சத்தத்தை அமுக்கினாலும் விளம்பரத்தின் சத்தம் அமுங்காது, அது தனி ஜன்னல். இரண்டு மாதம் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் குளித்துவிட்டு வந்தவன் மறுபடி குளிக்கப் போக வேண்டியிருந்தது.

கடைசியில் அமெரிக்க லீக்காரர்களே இணையத்தில் விற்கும் சந்தா பாஸை வாங்கினேன். ஆறு வருஷமாகிறது. அதில் ஆட்டம் நின்றால் காலி மைதானத்தைக் காட்டுவார்கள், ஓரத்தில் சின்னப் படம் ஒன்று, அவ்வளவுதான். யாரும் வந்து பாஸ் என்று கூப்பிடுவதில்லை. ஜெயிக்க ஆசையா என்று கேட்பதில்லை.

இதற்கு மேல் நான் எழுதவில்லை. நீ படித்தவள், யோசித்துப் பார்.

தம்பி


தெங்கேரா
31 மார்ச் 2025

ஜோனாஸுக்கு,

யோசித்தேன். நீ என்ன சொல்ல வருகிறாய்? அந்தக் குரல் உன் போனிலிருந்து வரவில்லையா? அப்படியானால் கோயிலில் முந்நூறு பேருக்கும் கண் அவிந்துபோயிருந்ததா? உன் கையில் இருந்தது யாருடைய போன், ஃபாதருடையதா? மச்சானுடையது என்று சொல்லி எங்கள் வீட்டில் தீ வைக்கலாம் என்று பார்க்கிறாயா? அவருக்கு நியூஸைத் தவிர எதுவும் தெரியாது. ஸ்போர்ட்ஸ் பேக்கேஜை யார் பார்க்கப்போகிறார்கள் என்று எப்போதோ வெட்டிவிட்டார். நானும் சரி என்றேன்.

உன் கதையைக் கேட்டால் எனக்கு வருவது சிரிப்பு இல்லை, எரிச்சல்தான். உனக்குப் பந்து எப்படிக் கிடைத்தது என்று மறந்துபோய்விட்டதா? ஜாசின் சீனப் பள்ளி மைதானத்தில், எஸ்டேட்டிலிருந்து கூடைப்பந்து ஆடப் போன ஒரே தமிழ்ப் பெண் நான். மாநிலத்துக்கு ஆடினேன், பதினொன்றாம் நம்பர் சட்டை. பத்தொன்பது வயதில் அப்பா, கட்டிக்கொடுக்கிற பெண் கால் சட்டை போட்டு ஓடினது போதும் என்றார். என் வெள்ளைச் சப்பாத்தை எடுத்து உன்னிடம் கொடுத்தார். உனக்குப் பெரிது. முன்னால் காகிதம் திணித்துப் போட்டுக்கொண்டு ஓடினாய். நான் அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்தேன். அந்தச் சப்பாத்தை வைத்துத்தான் உனக்கு ஆலை டீமில் இடம், ஆலையில் வேலை, குவார்ட்டர்ஸ், பென்ஷன். எனக்கு வந்தது அம்மிக்கல்.

அன்றோடு அந்தப் பக்கம் நான் தலை வைத்துப் படுத்ததில்லை. முப்பத்தொன்பது வருஷம். பந்து என்றாலே வெறுப்பு என்று ஊருக்கே தெரியும். உனக்கோ இன்னும் அந்தப் பைத்தியம். போன வாரம் உன் டீம் கடைசி நாலு நிமிஷத்தில் பதினொரு பாயிண்ட் முன்னால் இருந்தும் கோட்டைவிட்டதே, அந்த லட்சணம்தான் நீயும். எல்லாம் கையில் இருக்கும், கடைசியில் தொலைப்பாய்.

மே நாலாம் தேதி நீ வர வேண்டாம். கேத்லீனிடமும் சொல்லிவிட்டேன்.

செலின்


புக்கிட் காத்தில்
7 ஏப்ரல் 2025

அக்கா,

பதினொரு பாயிண்ட், நாலு நிமிஷம். சரியாக எழுதியிருக்கிறாய்.

அந்த ஆட்டம் நம் ஊர்த் தட்டில் வரவில்லை. எந்த ஆப்பிலும் வரவில்லை. பேப்பரில் படித்தேன் என்று சொல்லாதே, நம் பேப்பரில் கூடைப்பந்துக்கு நாலு விரல் இடம்கூடக் கொடுப்பதில்லை. அதைப் பார்க்க இரண்டே வழிதான் இருந்தது. ஒன்று நான் வைத்திருக்கும் பாஸ். இன்னொன்று அந்தச் சாக்கடை.

எனக்குப் புதிய செய்தி இல்லை. ஏழெட்டு வருஷத்துக்கு முன் என் வீட்டுக்குக் கட்லெட் கொண்டு வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? டிவியில் ஒருத்தன் இடித்து விழுந்தான். ரெஃப்ரி சார்ஜ் என்று கை காட்டினான், இடித்தவன் மேல் தப்பாம். நீ தட்டை மேசையில் வைத்துக்கொண்டே, திரையைப் பார்க்காத மாதிரி, “நின்னவன் கால நகத்திட்டான், அவன் மேலதான் தப்பு, அது பிளாக்” என்றாய். ரீப்ளேயில் நீ சொன்னதுதான் சரி. வெறுப்பு இருக்கிறவள் கால் நகர்ந்ததைப் பார்க்கமாட்டாள். அன்றைக்கே தெரிந்தது. உனக்குச் சொல்லப் பிடிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது கேட்டுக்கொள். அன்று பிரசங்கம் நடக்கும்போது உன் மடியில் இருந்த கைப்பைக்குள் வெளிச்சம் தெரிந்தது. நான் நேர் பின்னால் இருந்தேன். அன்று காலை ஆட்டம் இருந்தது எனக்கும் தெரியும், நான் என் போனைக் காரிலேயே விட்டுவிட்டு வந்தேன். நீ ஸ்கோர் பார்த்தாய். ஆட்டத்தின் சத்தத்தை அமுக்கியிருப்பாய். விளம்பரத்தை அமுக்கவில்லை. வாக்குறுதிக்கு எழுந்தபோது பையைப் பெஞ்சில் வைத்தாய். குரல் அந்தப் பைக்குள்ளிருந்து வந்தது, அக்கா.

குனிந்து எடுத்தேன். நிறுத்தப் பார்த்தேன், பொய்க் குறியை அமுக்கி இன்னும் சத்தமாக்கிவிட்டேன். பக்கவாட்டில் போட்டோக்காரர்கள் நின்றார்கள், நடுப்பாதையில் ஓடினேன். கல்யாணப் பெண்ணின் அம்மாவுடையது என்று தெரிவதைவிட மாமனுடையது என்று போகட்டும் என்று நினைத்தேன். நற்கருணை நன்மை வாங்க எல்லோரும் வரிசையில் நின்றபோது உன் பையில் திரும்ப வைத்தேன்.

பதினொரு மாதம் வாயைத் திறக்கவில்லை. நீ அறியாமல் திட்டுகிறாய் என்று நம்பினேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு அந்த நம்பிக்கையும் போய்விட்டது. சப்பாத்து விஷயத்தில் நீ சொல்வது உண்மை, அந்தக் கடனை நான் தீர்க்க முடியாது. ஆனால் இது வேறு. எனக்கு விளையாட்டின் மேலோ வெப்சைட்டின் மேலோ இப்போது அருவருப்பு இல்லை. உன் மேல்தான்.

யாரிடமும் சொல்லமாட்டேன். சுகுமாரனே நிற்கட்டும்.

ஜோனாஸ்


தெங்கேரா
21 ஏப்ரல் 2025

தம்பி,

இதை எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்தேன்.

எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். நன்மை வாங்கிவிட்டு வந்து உட்கார்ந்தபோது என் பையின் ஜிப் திறந்திருந்தது. நான் எப்போதும் ஜிப்பை மூடித்தான் வைப்பேன். கையை உள்ளே விட்டேன், போன் சூடாக இருந்தது. அந்த நிமிஷமே எழுந்து சொல்லியிருக்கலாம். சம்பந்தியம்மா உன்னைப் பற்றிக் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு, அவன்தான் என்று எல்லோரும் சொல்லச் சொல்ல, நானும் அவன்தான் என்று சொன்னேன். அவர்களைவிடச் சத்தமாகச் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே பாதி உண்மை மாதிரி ஆகிவிட்டது. நீ கேட்டுக்கு வெளியே நின்ற அன்று திரையை இழுத்தது கோபத்தில் இல்லை, உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான்.

சமையலறையில்தான் பார்ப்பேன். மச்சான் வேலைக்குப் போன பிறகு, பிஸ்கட் டின்னில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு. இப்போது கேத்லீனுக்கு மருந்து அரைக்கும்போதும். மஞ்சள் கையோடு ஒவ்வொரு ஜன்னலாக மூடுவேன். அறுபதைத் தொடும் வயதில், ஜெபமாலை தொங்குகிற சமையலறையில், இதென்ன பிழைப்பு என்று நினைப்பேன். பாஸ் வாங்கினால் மச்சான் கார்டில் தெரியும், எதற்கு என்று கேட்பார். எனக்குப் பந்து பிடிக்கும் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வதைவிட அந்தச் சாக்கடையில் கை விடுவது சுலபமாக இருந்தது. அப்பா நிறுத்தியதும் நான் மனசார விட்டுவிட்டேன், எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை என்று முப்பத்தொன்பது வருஷம் காட்டிக்கொண்டுவிட்டேன் ஜோனாஸ். அது ஒரு பொய், அதைக் காப்பாற்ற உன்னை விற்றேன்.

பெரிய வெள்ளிக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். ஃபாதர், இதைக் கடவுளிடம் சொல்லிவிட்டீர்கள், இன்னும் யாரிடம் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கே தெரியும் என்றார்.

நேற்று ஈஸ்டர் காலைச் சாப்பாட்டுக்குச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். தோசை வைத்து முடித்ததும் நின்றபடியே சொன்னேன். கல்யாணத்தன்று கத்தினது என் போன், ஜோனாஸ் எனக்காக எடுத்துக்கொண்டு ஓடினான். என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறாய்? ஒருத்தரும் நம்பவில்லை. மச்சான், “தம்பி பாசம், என்ன செய்யறது” என்று சட்னியைப் போட்டுக்கொண்டார். சம்பந்தியம்மா என் கையைத் தட்டி, உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு என்றார். மனசாம். கேத்லீன் மட்டும், “அம்மா, மாமாவ ஞானத்தகப்பனா வைக்கணும்னா நேரா சொல்லலாம்லாஹ், எதுக்குப் பொய்” என்றாள். அத்தனை நன்றாகப் பொய் சொல்லி வைத்திருக்கிறேன், உண்மைக்கு இடமே இல்லை.

காலை ஆட்டம் ஓடிக்கொண்டிருந்த நேரம். போனை எடுத்து மேசை நடுவில், தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்த வெப்சைட்டைத் திறந்தேன். வரிசையாக வந்தது எல்லாம், உனக்குத் தெரியுமே. ஐந்து பெருக்கல் குறி. நான் பெரியதைத் தொடவில்லை. இடது பக்கம் அடியில், சாம்பல் நிறம். அடுத்த ஜன்னல், வலது மேல் மூலை, மூன்று எண்ணிவிட்டு அமுக்க வேண்டும். அடுத்தது மூடவே கூடாது, பின்னால் போக வேண்டும். கண்ணாடி போடாமல், பத்து வினாடியில் ஆட்டம் வந்துவிட்டது. தலையை நிமிர்த்தினேன். கேத்லீன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கம்ப்யூட்டர் வேலை செய்கிறவள், அந்த விரல் எத்தனை வருஷம் பழகினது என்று அவளுக்குத் தெரியாதா.

அப்போது அவள் வந்தாள். “ஹாய் பாஸ், மாவ் மெனாங் தாக்?”

அதே குரல். சம்பந்தியம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். மச்சான் சாப்பிட்ட கையோடு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், கல்யாணமான இத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. “நீ பந்து பாப்பியா” என்று கேட்டார். ஆடினேன் என்றேன். உங்களைக் கட்டுவதற்கு முன்னால் மாநிலத்துக்கு ஆடினேன், இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை என்றேன்.

சம்பந்தி வீட்டார் சாயாகூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். இனி அவர்கள் என்ன பேசினாலும் என்னைப் பற்றித்தான் பேசுவார்கள், உன்னைப் பற்றி இல்லை. மச்சான் நேற்றிலிருந்து என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறார். கேத்லீன் நேற்று மாலை கல்யாண வீடியோவைப் போட்டு முழுக்கப் பார்த்தாள். நீ ஓடுகிற இடத்தை மூன்று தடவை பார்த்தாள். பிறகு சுகுமாரனுக்கு அவளே போன் செய்து பக்குவமாகச் சொல்லிவிட்டாள். கோயிலின் ஞானஸ்நான ஃபாரத்தில் உன் பேரை எழுதியது அவள், நான் இல்லை. நான் எழுதலாமா என்று கேட்டேன், பேனாவைக் கொடுக்கவில்லை.

உன் அருவருப்பு நியாயம். எனக்கும் என் மேல் அதுதான். வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை, கேத்லீன் கூப்பிடுகிறாள். அவளுக்காக வா.

அக்கா


புக்கிட் காத்தில்
26 ஏப்ரல் 2025

அக்கா,

கேத்லீன் போன் செய்தாள். அழுதாள், பிறகு திட்டினாள். அப்படியே நீதான். வருகிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய்யாகும், நம் வீட்டில் போதுமான பொய் ஆகிவிட்டது. பதினொரு மாதம் தாமான் கடையில் தேத்தண்ணி குடிக்கப் போனால்கூட, “என்ன பாஸ், ஜெயிச்சியா” என்று கேட்டார்கள். அது சுலபத்தில் போகாது. உன் பக்கத்தில் நின்றாலும் கொஞ்ச நாள் பேச்சு வராது. நீயும் வலிந்து பேசாதே.

ஆனால் அந்த வெப்சைட்டை நீ இனி தொடக்கூடாது. நினைத்தாலே எனக்கு உடம்பு கூசுகிறது. என் பாஸில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் பார்க்கலாம். ஆறு வருஷமாக இரண்டாவது இடம் காலியாகத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு தனபாலன் கேட்டான், கொடுக்கவில்லை. இன்னொரு ஆளுக்கு வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். நீ ஒரு நாள் கேட்பாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நீ சாக்கடைக்குப் போய்விட்டாய்.

என் ஈமெயில் உனக்குத் தெரியும். பாஸ்வேர்டு இங்கிலீஷில் செலின், சின்ன எழுத்து, இடைவெளி இல்லாமல் பதினொன்று. ஆரம்பத்திலிருந்து அதுதான்.

மே நாலாம் தேதி காலையிலும் ஆட்டம் இருக்கிறது. பூசை பத்து மணிக்கு. கோயில் வாசலில் உனக்காகக் காத்திருக்கிறேன், உன் போனை என்னிடம் கொடு. இரண்டையும் காரில் பூட்டிவிட்டுத்தான் பிள்ளையைக் கையில் வாங்குவேன்.

தம்பி